தட்டில் காட்ட ஒன்றுமில்லாத ஆபரேஷன்

1. தட்டு

ஆபரேஷன் முடிந்ததும், வயிற்றிலிருந்து எடுத்ததைக் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டில் வைத்து, மேலே துணி போட்டு மூடி, தியேட்டர் கதவைத் திறந்து நோயாளியின் வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. எந்த நர்சிங் புத்தகத்திலும் இது கிடையாது. கள்ளக்குறிச்சியில் நான் தியேட்டர் சிஸ்டராக இருந்த நர்சிங் ஹோமில் முதல் நாளே இதைத்தான் செய்யச் சொன்னார்கள். காட்டாவிட்டால் சனங்கள் விடமாட்டார்கள். பித்தப்பைக் கல் என்றால் உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார்கள். கர்ப்பப்பைக் கட்டி என்றால் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள், ஊரில் போய்க் காட்டுவதற்கு.

தட்டு நிறைந்திருந்தால் படுத்திருப்பவளுக்கு மரியாதை. "இத்த வெச்சிக்கினா களை எடுக்க வந்தா?" என்று நாத்தனார்கூடக் கண்ணைத் துடைப்பாள். தட்டில் பெரிதாக ஒன்றுமில்லை என்றால் முகமே மாறிவிடும். அப்போது பேச்சு வாங்குவது டாக்டர் இல்லை, நானும் இல்லை. உள்ளே மயக்கத்தில் கிடப்பவள்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று ஆபரேஷன் செய்கிற டாக்டரான எங்கள் மேடம் சொல்வார். ரிடையர் ஆன பிறகும் அது குறையவில்லை. தியேட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒரு கேஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2. பூங்கொடி

மலைமேல் கரியாலூர் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பது வயது இருக்காது. மாமியார் வீட்டில் கொஞ்சம் மரவள்ளி போட்டிருந்தார்கள். மற்ற நாளெல்லாம் கூலி, சீசனில் கடுக்காய் பொறுக்கல். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு வந்தால் நாலு நாள் எழுந்திருக்க முடியாது. வெளிக்குப் போனாலும் வலி. புருஷனோடு இருந்தாலும் வலி. அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்று இடத்தில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மூன்றிலும் நார்மல்.

மேடம் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு எண்டோமெட்ரியோசிஸ் ஆக இருக்கலாம் என்றார். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்கிற சவ்வு போன்ற திசு, வெளியே வயிற்றுக்குள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வளர்கிற நோய். மாதா மாதம் அந்த இடங்களிலும் ரத்தம் கசியும். வெளியே போக வழி இருக்காது. சின்னப் புள்ளிகளாக இருந்தால் ஸ்கேனில் பிடிபடாது. லேப்ராஸ்கோப்பி செய்து, தொப்புள் வழியாகக் கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அட்மிஷன் அன்று மாமியார் என்னிடம் வந்தார். கெட்ட பெண்மணி என்று சொல்லமாட்டேன். மருமகளுக்காக மலையிலிருந்து பஸ்ஸில் சோறு கட்டிக்கொண்டு வந்தவர்தான்.

"தோ பாரும்மா, உள்ள கட்டி கிட்டி இருந்தா எடுத்து வுடுங்க. இட்டுக்கினு போயி வெச்சிப் பாத்துக்கறோம். ஒண்ணும் இல்லன்னா இவ அண்ணன் வூட்டுக்கே போவட்டும். எம் புள்ளைக்கி வேற எடம் பாக்கணும். எத்தினி நாளைக்கி இவ பாயில படுத்துக்கினு இருக்கறத பாத்துக்கினு இருக்கறது?"

இதைப் பூங்கொடியை வைத்துக்கொண்டே சொன்னார். புருஷன் கோவிந்தன் பக்கத்தில் நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் டேபிளில் படுக்க வைத்துக் கையில் ஊசி ஏற்றும்போது பூங்கொடி என் கையைப் பிடித்தாள். "அக்கா, உள்ள பெருசா எதனா இருந்தா நல்லாருக்கும்."

ஒன்றும் இருக்கக்கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டு படுப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஊசியின் மேல் பிளாஸ்டர் ஒட்டினேன்.

"சின்னதா இருந்துச்சின்னா வேற யாருதையாவது காட்டிடுங்கக்கா. எங்க மாமியாருக்கு இன்னா தெரியப் போவுது" என்றாள்.

"அப்படியெல்லாம் பேசக்கூடாது, கண்ணை மூடு" என்று அதட்டினேன். அதற்குள் மருந்து ஏறிவிட்டது.

3. மானிட்டரில் பார்த்தது

புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றால் கருப்புப் புள்ளி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். கருப்பும் உண்டு. கர்ப்பப்பைக்குப் பின்னால், அதைப் பிடித்து நிறுத்துகிற நார் மேல், பட்டாசு மருந்து சுட்ட கறை போல நீலங்கலந்த கருப்பில் நாலைந்து இருந்தன. ஆனால் மேடம் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். அப்போதுதான் மற்றவை தெரிந்தன. வேர்க்குரு போல நிறமே இல்லாத சின்னக் கொப்புளங்கள். ஓரிடத்தில் செக்கச் சிவந்த திட்டு. இன்னோரிடத்தில் வெள்ளைத் தழும்பு, சுற்றியிருக்கும் சவ்வைத் தன் பக்கம் சுருக்கி இழுத்துக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த வயிறு சுத்தமான வயிறுதான். கர்ப்பப்பை நன்றாக இருந்தது. சினைப்பைகளில் கட்டி இல்லை.

"இவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு போதும் சரசு, ஒருத்தியைப் படுக்கப் போட" என்றார் மேடம். "நோய் எவ்வளவு பரவியிருக்குன்றதுக்கும் வலி எவ்வளவுன்றதுக்கும் கணக்கே ஒத்துவராது."

புள்ளிகளைச் சுட்டுவிடாமல் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். சுட்டுவிட்டால் கருகிப்போய் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. எடுத்ததெல்லாம் சேர்த்தாலும் என் சுண்டுவிரல் நகத்தை மூடாது.

4. இரண்டு தட்டுகள்

அதே நாள் காலையில் முதல் கேஸாகத் தியாகதுருகத்து அம்மா ஒருவருக்கு ஆபரேஷன் முடித்திருந்தோம். நிலபுலன் உள்ள குடும்பம். கர்ப்பப்பையையும் ஒரு சினைப்பையையும் வயிற்றைத் திறந்து எடுத்தோம். அவருக்கும் இதே நோய்தான். ஆனால் சினைப்பையில் ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சாக்லேட் சிஸ்ட் என்கிற கட்டி. தட்டில் வைத்தபோது அது பொத்துக்கொண்டு, வெல்லப்பாகு போலக் கெட்டியான பழுப்பு ரத்தம் வழிந்தது. வெளியே காட்டினேன். அவருடைய வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த அம்மா முந்தைய நாள் என்னிடம், "அவ்ளோ வலியெல்லாம் கெடையாதுங்க, ஸ்கேன்ல தெரிஞ்சிதுன்னு வந்தேன்" என்றுதான் சொல்லியிருந்தார்.

அந்தத் தட்டு இன்னும் ஸ்டாண்டின் மேல்தான் இருந்தது. பக்கத்தில் பூங்கொடியின் தட்டு. வெளியே மாமியாரும் கோவிந்தனும் காத்திருந்தார்கள். பெரிய தட்டை எடுத்துக்கொண்டு போனால் ஒருத்தியின் குடும்பம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. போகவிடவில்லை. இன்னொருத்தியின் சதையைக் காட்டி இவளுடையது என்று சொல்ல என்னால் முடியாது. அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சிறிய தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது இருந்த வேதனை இன்னும் போகவில்லை.

மாமியார் குனிந்து பார்த்தார். துணியை இன்னும் நன்றாக விலக்கச் சொன்னார். "எங்க?" என்றார்.

காட்டினேன். எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். புள்ளி சின்னதுதான், வலி பெரிசு, ரத்தம் உள்ளேயே கசியும் என்றெல்லாம்.

"ஒரு கடுக்கா கொட்டை அளவு கூட இல்லியேம்மா" என்றார். குரலில் கோபமில்லை, ஏமாந்துபோன குரல். "இதுக்கா மாசா மாசம் அந்தக் கத்து கத்துனா? நானும் நாலு பெத்தவதான்."

துண்டுகளைக் கெடாமலிருக்க ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற லேபில் கொடுக்கச் சொல்லிக் கோவிந்தன் கையில் கொடுத்தேன். எங்கள் ஊரில் பாட்டிலைச் சுமப்பது வீட்டார்தான். அவன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு கிளம்பினான்.

மயக்கம் தெளிந்ததும் பூங்கொடி தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. "காட்டுனீங்களாக்கா?" என்றாள்.

"காட்டினேன்."

"இன்னா சொன்னாங்க?"

நான் டிரிப்ஸைச் சரி செய்தேன். டிஸ்சார்ஜ் அன்று அவளைக் கூட்டிப்போக வந்தது சங்கராபுரத்துப் பக்கம் இருக்கிற அண்ணன். அவன் முகத்தைப் பார்த்தாலே அந்த வீட்டில் அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்று புரிந்தது.

5. கண்ணாடியில் பார்த்தது

ரிப்போர்ட் வாங்கக் கோவிந்தன் தனியாக வந்தான். நானும் அன்று வேறு ரிப்போர்ட்டுகளுக்காக லேபில் இருந்தேன். லேப் டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. "எண்டோமெட்ரியோசிஸ்தான் சிஸ்டர், சந்தேகமில்லை" என்றார். கோவிந்தன் முழித்தான். "இவருக்கு ஒருதடவை காட்டிடுங்க சார்" என்றேன்.

முதலில் நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றியிருந்தார். ஒரு துண்டில் வெறும் தழும்பு. அது மட்டும் வந்திருந்தால் ரிப்போர்ட்டில் நோய் உறுதியாகியிருக்காது; அதற்காக நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. இன்னொரு துண்டில்தான் இருந்தது. இளஞ்சிவப்புப் பரப்புக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு வளையம், அதன் ஓரம் முழுக்கச் செல்கள் தோளோடு தோள் இடித்து நின்றன. அது சுரப்பி. அதைச் சுற்றிச் சின்ன ஊதாச் செல்களின் கூட்டம், அதற்கு ஸ்ட்ரோமா என்று பெயர். இந்த இரண்டும் கர்ப்பப்பைக்குள் மட்டுமே இருக்க வேண்டியவை. கொஞ்சம் தள்ளி, பழுப்புத் துகள்களை உள்ளே அடைத்துக்கொண்டு உருண்டைச் செல்கள்.

கோவிந்தன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"அந்த பழுப்பா இருக்கறது இன்னாங்க?"

"பழைய ரத்தத்தை முழுங்கின செல்லு. எத்தனையோ மாசமா உள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கு, போக வழியில்லாம" என்றார் லேப் டாக்டர்.

"வலிக்குங்களா?"

"பலபேருக்குத் தாங்க முடியாத வலி."

அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "அப்ப அவ மெய்யாலுமேதான் படுத்துக்கினு இருந்தாளா" என்றான், எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாமல். பிறகு என்னைப் பார்த்து, "நான் போயி இட்டுக்கினு வந்துடறேன் சிஸ்டர். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான்.

எனக்கு அன்று சந்தோஷம்தான். வேலைக்குத் திரும்பிப் போய் மேடத்திடம் சொன்னபோது அவரும் சிரித்தார்.

6. தையல் பிரித்த நாள்

அவள் தையல் பிரிக்க வருவாள் என்று கோவிந்தன் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பூங்கொடி பஸ்ஸில் தனியாக வந்தாள். தையல் பிரிக்கிற அறையில் நான் இருக்கும்போதே அவன் உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாடியில் பார்த்ததை, வளையத்தை, பழுப்பு ரத்தத்தை. அம்மா ஒத்துக்கொண்டுவிட்டதை. "வூட்டுக்கு வா" என்றான்.

அவள் முழுக்கக் கேட்டாள். குரல் உயரவே இல்லை.

"நான் சொன்னப்ப நம்பல. கல்யாணம் ஆனதுலருந்து சொல்லிக்கினுதான் இருந்தேன். கண்ணாடில பாத்த, நம்பிட்ட. இது திரும்ப வரும்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க. நாளைக்கி மறுபடி வலிச்சா, எந்தக் கண்ணாடிய தூக்கிக்கினு வந்து உனக்குக் காட்டுவேன்?"

அவன் என்னைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர்."

அவனோடு போய்விடு என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அண்ணன் வீட்டில் அவள் என்ன பாடுபடுவாள் என்று தெரியும். இவன் மனசு மாறியது உண்மை என்றும் தெரியும். ஆனால் அவள் அப்படிக் கேட்ட பிறகு அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு வரவில்லை. மிச்சத் தையலைப் பிரித்து முடித்தேன். அவன் வெளியே போனான். அவள் சங்கராபுரம் பஸ்ஸுக்குப் போனாள்.

7.

இந்தக் கேஸுக்குப் பிறகு மேடத்திடம் சண்டை போட்டு ஒன்றை மாற்றினேன். எண்டோமெட்ரியோசிஸ் கேஸில் தட்டை வெளியே எடுத்துப் போவதை நிறுத்தினோம். ஆபரேஷனுக்கு முந்தைய நாளே வீட்டாரை உட்கார வைத்து, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகலாம், ஆனாலும் நோய் இருக்கும் என்று மேடமே சொல்லிவிடுவார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்: வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால், எங்கே, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். உங்கள் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் அவள் அதற்குமேல் சொல்லமாட்டாள்.

கொஞ்ச காலம் கழித்துப் பூங்கொடி மறுபடி வந்தாள். அண்ணன் வீட்டை விட்டு வந்து, கள்ளக்குறிச்சியிலேயே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். வலி திரும்பிவிட்டது, மாத்திரைக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் மேடம். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா" என்றாள். "இந்தத் தடவ யாருக்கும் காட்ட வேணாம். எடுத்துட்டா போதும்."

ஆபரேஷன் முடிந்து தியேட்டர் கதவைத் திறந்தேன். பெஞ்சில் யாரும் இல்லை. பாட்டிலை நானே லேபுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.