தங்கராசு சார் புரட்டிப் பார்த்த பக்கிள்

தங்கராசு சார் மாலையோடு இருக்கும் படம் எங்கள் கடைவீதி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கண்ணாடி போடாத அவசரத்தில், யாரோ பாராட்டு விழா நடத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து, 'வாழ்த்துகள் சார், இன்னும் பல மாலை விழ வேண்டும்' என்று அனுப்பிவிட்டேன். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, செத்தவருக்கா வாழ்த்துப் போடுவீங்க?" என்றார். மகள் போனைப் பிடுங்கி அதை அழித்தாள். சார் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பார். அப்படி நினைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி நாமக்கல்லில் என் தார்ப்பாய்க் கடைக்கு வந்து பேப்பர் படிப்பார். பத்தாவதோடு படிப்பை முடித்த நான் அவர் எதிரில் வரலாறு பேசுவேன். ஒருமுறை பழைய சாமான் கடையில் ராஜா காலத்து வாள்பிடி என்று ஒன்றை வாங்கி வந்து, துணியில் சுற்றி, பயபக்தியோடு நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கதவுக் கைப்பிடிங்க இது. கதவும் கெடச்சாச் சொல்லுங்க" என்றார். எதைக் கொடுத்தாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். "மூஞ்சிய எல்லாருந் தேச்சுப் பளபளப்பாக்கிருவாங்க. முதுவத் தேய்க்க ஆருக்கும் தோணாதுங்க" என்பார்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது சில எலும்புத் துண்டுகளும் ஒரு பித்தளை பெல்ட் பக்கிளும் கிடைத்தன. லாரி ஓட்டப் போய்த் திரும்பி வராத என் அண்ணனைக் காணவில்லை என்று அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். அண்ணியைக் கூப்பிட்டுவிட்டார்கள். எலும்பை ஆய்வுக்கு அனுப்பியும் தெளிவாக எதுவும் சொல்ல முடியவில்லையாம். மிச்சம் அந்தப் பக்கிள்தான். அண்ணனும் பித்தளைப் பக்கிள்தான் போடுவான்; தினமும் தேய்த்துக் கண்ணாடிபோல வைத்திருப்பான். அது புதுசு என்றே அண்ணி நம்பியிருந்தார். பச்சை பூத்துக் கறுத்துக் கிடந்த இதை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இது பழங்காலத்துச் சாமான் என்று ஆகிவிட்டால் எலும்பும் யாரோ பழங்காலத்து மனிதருடையது. அண்ணி குங்குமத்தை அழிக்க வேண்டாம். சாரைக் கூட்டிப் போனது நான்தான்.

ஸ்டேஷன் மேசையில் வைத்து வழக்கம்போல முதுகைப் பார்த்தார். சீமையிலிருந்து வந்தது என்றால் தகட்டில் அச்சடித்து, பின்னால் கம்பெனி பேர் இருக்குமாம். இதன் முதுகில் மணல் வார்ப்பின் சொரசொரப்பு. முன்னால் கொடியும் இலையும், நடுவில் ஒரு கிரீடம். கிரீடத்தின் உச்சியில் இருக்க வேண்டிய சிலுவை வெறும் மொட்டாக இருந்தது. சீமைப் பக்கிளைப் பார்த்து இங்கேயே யாரோ வார்த்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆபீஸ் வாசலில் நின்ற டவாலிச் சேவகர் இடுப்பில் போட்டது என்றார்.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப அவரு இல்லீங்க. நான் ஊட்டுக்குப் போலாமுங்களா?"

சார் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மாட்டாரா என்று நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் ஓட்டையில் மாட்டும் முள்ளை நகத்தால் சுரண்டினார். அது மட்டும் துருவில்லாமல் வெள்ளையாக மின்னியது.

"பக்கிள் பழசுதாம்மா. ஆனா இந்த முள்ளு எவர்சில்வர் சைக்கிள் கம்பி. இது நம்ம காலத்துச் சாமான். பழைய பக்கிள நம்ம காலத்து ஆளு ஒருத்தரு போட்டிருக்காருங்க."

"அவருதானுங்களா?"

"அது எனக்குத் தெரியாது சாமி. அதுக்கு மேல பித்தள பேசாது."

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று கேட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அதன் பிறகும் தினமும் கடைக்கு வந்தார், பேப்பர் படித்தார், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. அண்ணி இன்றும் குங்குமம் வைக்கிறார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். சாரின் நினைவாகப் போடும் இந்த மலரை அண்ணியும் வாங்கிப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்தக் கம்பி என் சைக்கிளுடையது. பழைய முள் ஒடிந்துவிட்டது என்று அண்ணன் கேட்டபோது, வெட்டி வளைத்து மாட்டிக் கொடுத்தது நான்.