சகலையின் ஸ்டேஷனுக்கு நான் செய்த நாற்காலி

என் சகலைக்கு என்மேல் எந்தப் பொறாமையும் கிடையாது. எனக்குத் தாங்காதது அதுதான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் மூத்த மாப்பிள்ளை, அவன் இளையவன். அவன் திருப்பதியில் செம்மரத்தில் சாமி பொம்மை செதுக்குகிறான். நான் சித்தூர் கடைத்தெருவில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறேன். அவன் கையில் சாமி பிறக்கிறது. என் கைக்கு வந்தால் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. மாமியார் வீட்டில் இந்த வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் போனால் கோழி அடிப்பார்கள். நான் போனால், "அடடா, நேத்து வந்திருக்கக் கூடாதா மாப்ளே" என்பார்கள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருக்கோடியில் ரயில்வேயில் இஞ்சினீராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா இருந்தார். ஓய்வு பெற்றவர்கள் தோட்டத்தில் கத்திரி போடுவார்கள், வெண்டை போடுவார்கள். இவர் தண்டவாளம் போட்டார். கொய்யா மரத்தடியில் கிளம்பி, கிணற்று மேட்டை வளைத்து, துளசி மாடத்தை ஒட்டி வந்து, மறுபடியும் கொய்யா மரத்தடிக்கே சேரும் பித்தளை லைன். அதில் ஸ்பிரிட்டு விளக்கில் தண்ணீர் கொதித்து ஓடுகிற குட்டி இஞ்சின் ஒன்று. விசில்கூட அடிக்கும். லைன் இருந்தது, ரயில் இருந்தது. நின்று இறங்கத்தான் ஓர் இடம் இல்லை.

"ஒரு ஸ்டேஷன் வேணும்ப்பா" என்றார், என் கடையில் படம் ஒன்றை வாங்கிக்கொண்டே. "கூட்ஸ் ஷெட்டு, லைன் பாக்கற கேங்மேனுக்குக் குடிசை, எல்லாம் வேணும்."

ஸ்டேஷன் என்ற சொல்லுக்கு அப்புறம் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் எதிர்க்கடை, பக்கத்துக்கடை, சோடாக்கடை எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சித்தூருக்கு இரண்டாவது ஸ்டேஷன், அதைக் கட்டப்போவது நான்.

மறு வாரம் ஐயா அளவு சொல்ல வந்தபோது கடை மேஜைமேல் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. என் பிள்ளைகளுக்குச் சகலை செதுக்கிக் கொடுத்தது. ஐயா அதைக் கையில் எடுத்தார். காதைத் தடவினார். நகத்தைத் தடவினார்.

"இதை யாரு செஞ்சது?"

திருப்பதியில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். "எங்க சகலைங்க" என்று வாய் சொல்லிவிட்டது. வயிறு எரிவது வாய்க்குத் தெரியவில்லை.

ஸ்டேஷன் அவனுக்குப் போயிற்று. எனக்குக் கூட்ஸ் ஷெட்டும் கேங்மேன் குடிசையும். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, "ஸ்டேஷனுக்கு உள்ளே வெறிச்சுனு இருக்கக் கூடாது. பெஞ்சு, மேஜை, நாற்காலி, கடியாரம் எல்லாம் நீ பண்ணு. பேர்ப் பலகையும் உன்னுதுதான்" என்றார் ஐயா.

பலகை என்றதும் கொஞ்சம் உயிர் வந்தது. ஸ்டேஷன் யார் கட்டினதாக இருந்தாலும் பார்க்கிறவன் முதலில் பலகையைத்தானே பார்ப்பான்? "எந்த ஊருங்க எழுதணும்?"

"நான் பொறந்த ஊரு. நகரிப் பக்கம். ஆனா இப்ப எழுதாதே. மேல தமிழா தெலுங்கான்னு தெரியணும் இல்லே? ஊரு எந்தப் பக்கம் போவுதுன்னு கவர்மெண்டு சொல்லட்டும்."

வெளியில் தெரிய எனக்கென்று இருந்த ஒரே வேலையை எல்லைத் தகராறு விழுங்கிவிட்டது. பலகைக்கு மஞ்சள் மட்டும் அடித்து வைத்தேன்.

மிச்சம் இருந்தது சாமான்தான். சரி, ஸ்டேஷனைப் பார்க்க வருகிறவன் சுவரை மறந்துவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி செய்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். சட்டம் அறுத்த தேக்குத் துண்டில் பெஞ்சு. சட்டைப் பொத்தானில் கடியாரம். தையல்காரர் விரலில் மாட்டுகிற கவசத்துக்குச் சிவப்படித்து நெருப்பு வாளி, உள்ளே நிஜ மணல். ஸ்டேஷன் மாஸ்டருக்கு நாற்காலி. அந்த நாற்காலியின் கைப்பிடி ஒவ்வொன்றும் நெல்லைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் முனையைச் சுருள் சுருளாக வளைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரி சோறு போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு இப்டி இழைச்சிக்கினு கீறீங்க? கூரை போட்டு மூடிட்டா உள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?"

கை அப்படியே நின்றுவிட்டது. கூரையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஜன்னல் வழியாகத் தெரியும் என்று பார்த்தால், சகலை எழுதி அனுப்பிய அளவுப்படி ஜன்னல் ஒவ்வொன்றும் தபால்தலை அகலம். இரண்டு சுரைக்காய் நீளமுள்ள ஸ்டேஷனுக்குள் என் உழைப்பெல்லாம் சிறைப்படப்போகிறது.

அவன் ஸ்டேஷனை வேட்டியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தான். நிஜ ரயில் அதற்கு மரியாதை காட்டவில்லை. பாகாலாவில் ஏறிய யாரோ ஒருவர் அதன்மேல் புளி மூட்டையை வைத்துவிட்டார். என் கடையில் அவிழ்த்தபோது கூரையின் ஒரு மூலை முறிந்து தொங்கியது. பதறிப்போனவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் என்ன வைத்துக்கொண்டேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"நாளைக்கு ஐயா ஊரையே கூப்பிட்டுக்கீறாரு. இன்னாண்ணே பண்றது?"

எங்கள் பக்கத்தில் எது முறிந்தாலும் புத்தூர்தான் நினைவுக்கு வரும். என் மணிக்கட்டுக்கே அங்கே கட்டுப் போட்டிருக்கிறார்கள். மூங்கில் பத்தை, துணி, முட்டை வெள்ளை. காய்ந்தால் கல். நான் கூரை மூலைக்கு மெல்லிய மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, முட்டை வெள்ளை தடவி, ஓட்டு நிறம் பூசினேன். முறிவு தெரியவே இல்லை.

"அண்ணே, உங்க கையே கை" என்றான் சகலை. அவன் மனசாரச் சொன்னதுதான் கடுப்பாக இருந்தது.

"கூரையை ஒட்டாம, மூடி மாதிரி வச்சிக்கலாமே தம்பி" என்றேன், அது என்னவோ அந்த நிமிஷம்தான் தோன்றியதுபோல.

"மழைத்தண்ணி உள்ள போவும்ணே. ஒட்டிடலாம். உங்க பசைதான் கெட்டிப் பசை. நீங்க கடையைப் பாருங்க, சாமானையெல்லாம் நானே உள்ள வச்சி ஒட்டிடறேன்."

என் சாமானை மூடுவதற்கு என் பசையே போயிற்று. வானம் இரண்டு நாளாக மூட்டமாக இருந்தது. பசையும் சரி, கட்டும் சரி, காய வழியில்லை. இதை நான் கவனித்திருக்க வேண்டும். பொறாமையில் இருக்கிறவனுக்கு வானம் தெரிவதில்லை.

மறுநாள் தோட்டம் நிறைய ஆட்கள். மஞ்சள் பலகையின் முன் நின்று, மேலே தமிழ்தான் வரும் என்று இரண்டு பேர், தெலுங்குதான் என்று இரண்டு பேர். எல்லோரும் ஸ்டேஷனையே புகழ்ந்தார்கள். கூட்ஸ் ஷெட்டுப் பக்கம் ஓர் ஆள் போனார். செருப்பில் ஒட்டிய சேற்றைத் துடைக்க.

இஞ்சின் விசிலடித்துக் கிளம்பியது. அப்போதுதான் ஐயாவின் வீட்டம்மா முகத்தைச் சுளித்தார். "ஏதோ கவிச்சி வாடை வருதே?"

ஐயா வீடு சுத்த சைவம். வெங்காயத்தையே யோசித்து வாங்குகிற அடுப்பு. அந்த வீட்டுத் துளசி மாடத்துக்கு எதிரே நான் முட்டையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஓடலாமா என்று பார்த்தேன்; வாசல் பக்கம் கூட்டம், கிணற்றுப் பக்கம் ரயில். கை தூக்கின சிக்னல் மாதிரி நின்றேன்.

மற்றவர்களுக்கு முன்னால் வாடை வந்த இடத்தைக் கண்டுபிடித்தது அந்த வீட்டுப் பூனை. பிறந்ததிலிருந்து தயிர்ச்சோறு தின்று வளர்ந்த பூனை. அது ஸ்டேஷன்மேல் ஏறியபோது புலி ஊருக்குள் வந்த மாதிரி இருந்தது. முறிந்த மூலையை நக்கியது. துணி நுனியைப் பல்லால் கடித்து ஓர் இழு இழுத்தது. காயாத பசை விட்டுக்கொடுத்தது. கூரை முழுசாகக் கழன்று, பூனையோடு கொய்யா மரத்தடிக்குப் போயிற்று.

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது பயமில்லை, ஆனந்தம். கூரை போய்விட்டது. எல்லோரும் குனிந்தார்கள். என் பெஞ்சு, என் கடியாரம், என் வாளி. முதல் வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தது சிரிப்பு.

"அட, இது நம்ம கண்ணாடிக் கடைக்காரர் இல்லே?"

நானும் குனிந்து பார்த்தேன். என் நாற்காலியில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு செம்மர ஸ்டேஷன் மாஸ்டர். அதே தொப்பை. நெற்றிமேல் தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. யாரையோ குறை சொல்லக் காத்திருக்கிற உதடு. நான்தான்.

ஐயா கண் கலங்கச் சிரித்தார். "சால பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சினார். விரல் பொம்மையைக் காட்டியது. நாற்காலியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

சகலையைத் தனியே இழுத்தேன். "இன்னாடா இது?"

"நாற்காலியைப் பாத்தேண்ணே. உங்களுக்குன்னே அளவெடுத்தா மாதிரி இருந்துச்சி. காலியா விட மனசு வரலே. ராத்திரியே ஒண்ணு செதுக்கிட்டேன்."

"கூரையை ஒட்டிட்டா யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்காட்டி இன்னா? உள்ள நீங்க உக்காந்துக்கினு கீறீங்கன்னு எனக்குத் தெரியும்ல."

அதுவரை அவன் கையைப் பார்த்து மட்டும்தான் பொறாமைப்பட்டேன். அன்றைக்கு அவன் மனசும் சேர்ந்துகொண்டு வேலை கூடிவிட்டது.

வீட்டம்மா கூரையைக் குச்சியால் புரட்டி, "இது இன்னா கட்டு?" என்று கேட்டார். "புத்தூர்க் கட்டுங்கம்மா" என்றேன். அந்தக் கட்டில் என்ன இருக்கும் என்று எங்கள் ஜில்லாவில் தெரியாதவர் இல்லை. கூரை குச்சியோடு வேலிக்கு வெளியே போயிற்று. தோட்டம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். எனக்கு அதற்கப்புறம் அந்த வீட்டில் காப்பி வாசல்படியோடு சரி.

எல்லை முடிவானபோது ஐயாவின் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று. ஸ்டேஷன் இந்தப் பக்கம் நிற்கிறது. அதனால் ஐயா மறுபடியும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பலகை இன்னும் வெறும் மஞ்சளாகவே இருக்கிறது.

புதுக்கூரையை மட்டும் ஒட்ட விடவில்லை ஐயா. யார் வந்தாலும் மூடியைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டுகிறார். நான் ஆசைப்பட்டபடி எல்லோரும் குனிந்து உள்ளே பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்து என் தொப்பையைப் பார்க்கிறார்கள். நாற்காலிக் கைப்பிடியின் முனையில் சுருள் ஒன்று இருக்கிறது, பாருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தெரியாது. அதன்மேல்தான் அவன் செதுக்கிய என் கை இருக்கிறது.