நாலு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

2012ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஆக்லாந்தில் அது நல்ல குளிர்காலம். கிளென் ஈடனில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பொறியாளர். வேலை விசாவில் வந்து, நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வந்ததா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பட்ட பீதிக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.

அப்போது நாடு முழுக்கப் பழைய செம்புக் கம்பியை ஒதுக்கிவிட்டு ஃபைபர் கேபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி எல்லாம் இனி ஒரே இழையில் வீட்டுக்குள் வரும். ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்தால் குழப்பம் என்று, பல நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து பொதுவான தரவிதிகளை எழுத ஒரு குழு அமைத்தார்கள். கூட்டம் என்றாலே என் மேலாளருக்குத் தூக்கம் வரும். அதனால் என்னை அனுப்பினார். முதல் கூட்டத்தில் தலைவர், "வரைவை யார் எழுதுவது?" என்று கேட்டதும் எல்லோரும் தங்கள் காப்பிக் கோப்பையின் அடிப்பாகத்தை ஆராய்ந்தார்கள். விவரம் தெரியாமல் நிமிர்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் வரைவாசிரியர் ஆனேன்.

அதில் ஒரு பிரிவு மின்தடையைப் பற்றியது. பழைய செம்புத் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் அந்தச் சலுகை கிடையாது. சுவரில் மாட்டும் சின்னப் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் போன் செத்துவிடும். தனியாக வாழும் முதியவர்கள் பலர் கழுத்தில் ஓர் அவசரப் பொத்தான் மாட்டியிருப்பார்கள். கீழே விழுந்தால் அதை அழுத்துவார்கள், அது போன் வழியாக உதவிக்கு ஆள் கூப்பிடும். போன் செத்தால் அதுவும் செத்தது. ஆகவே பெட்டிக்குப் பேட்டரி வேண்டும். எத்தனை மணி நேரம் தாங்கும் பேட்டரி?

எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம் அது.

"இன்னிக்கு நாலு மணி நேரமா கரண்ட் இல்லடா. சட்னி அரைக்க முடியல. நீ அங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கிற?"

நான் கிழித்தது இதுதான்: வரைவில் 'நான்கு மணி நேரம்' என்று தட்டி, அதன்மேல் மஞ்சள் பூசினேன். மஞ்சள் பூசினால் 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அது வழக்கம். அனுப்ப வேண்டிய நாளில் பார்த்தால் ஆவணம் முழுக்கத் திட்டுத் திட்டாக மஞ்சள். பார்க்க நன்றாக இல்லையே என்று மொத்தத்தையும் ஒரே சொடுக்கில் துடைத்துவிட்டு அனுப்பினேன். சுத்தக்காரன்.

வரைவு மூன்று சுற்றுப் போனது. கருத்துகள் மூட்டை மூட்டையாக வந்தன. காற்புள்ளியைப் பற்றி வந்தன. ஒரு வாக்கியத்தில் 'வேண்டும்' என்று போடுவதா, 'செய்யலாம்' என்று போடுவதா என்று ஒரு முழு மத்தியானம் சண்டை நடந்தது. நான்கு மணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்கப்பட்டது என்பதுதான் குழுவின் விதி.

கடைசிக் கூட்டம் ஊரின் தெற்கே விரி என்ற பகுதியில், ஒரு கிடங்கின் மாடியில் நடந்தது. அன்று வாக்கெடுப்பு. முதலில் பேட்டரி விற்கும் ஒருவர் திரையில் படம் காட்டினார். 'தொழில்துறை ஏற்றுக்கொண்ட அளவு: நான்கு மணி நேரம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லையே, குருட்டாம்போக்கில் அடித்தது சரியாக விழுந்திருக்கிறதே என்று நினைத்தபடி, கீழே பொடி எழுத்தில் இருந்த ஆதாரத்தைப் படித்தேன். ஆதாரம்: என் வரைவு.

என் வரைவைப் புரட்டி அந்த வரியைத் தேடினேன்.

அதே நேரம் பின்வரிசையில் ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். அவசரப் பொத்தான் வைத்திருக்கும் முதியவர்களைக் கவனிக்கும் அமைப்பு ஒன்றிலிருந்து முதல்முறையாக வந்திருந்தார். "இந்த நான்கு எங்கிருந்து வந்தது?" என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். "கள நிலவரத்தின் அடிப்படையில்" என்றேன். என் வாய் அதுவாகச் சொன்னது. தலைவர் திருப்தியாகத் தலையாட்டி, தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு என்று அறிவித்தார்.

அந்தப் பதினைந்து நிமிடங்களில் நான் பாலைச் சர்க்கரைக் கிண்ணத்தில் ஊற்றினேன். பொய் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், பெட்டி கட்டும்போது இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போவதா விற்றுவிடுவதா என்பது வரை யோசித்துவிட்டேன். மயங்கி விழுந்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட அந்தக் கட்டடத்திலும் ஃபைபர் போன்தான், கரண்ட் போனால் அதுவும் செத்துவிடும் என்பது நினைவுக்கு வந்து கைவிட்டேன்.

அந்தப் பெண்மணி கோப்பையுடன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் தமிழ் ஆளோ?"

"ஆமாங்க."

"எந்தக் களம் எண்டு கேக்கலாமோ?"

பேச்சிலேயே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை. "மதுரைங்க" என்றேன்.

"மதுரையில ஆரின்ர வீடு?"

"எங்க அம்மா வீடு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் தப்பித்தோம் என்று கூடச் சிரித்தேன். அவர் சட்டென்று நிறுத்தினார்.

"எங்கட ஆக்களில ஒராள் போன கிழமை குளியலறையில விழுந்தவா. பொத்தானை அமத்தினபடியாத்தான் இண்டைக்கு இருக்கிறா. அவவுக்கு நீங்கள் போட்ட நாலு போதுமோ, போதாதோ, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"இப்பப் போய் எப்படிக்கா சொல்றது?"

"நான் எழும்பிச் சொன்னா அது உங்களுக்கு எதிரான முறைப்பாடு. நீங்களாச் சொன்னா அது திருத்தம். யோசியுங்கோ. உந்த ஸ்கோன் நல்லா இருக்கு, ஒண்டு சாப்பிடுங்கோ."

ஸ்கோன் என்ற அந்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தேன். மறுபடி எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்தேன். மின்தடைப் பிரிவில் உள்ள எண்ணுக்கு ஆதாரம் எதுவும் இல்லை, அது என் அம்மா சொன்னது என்றேன்.

தலைவர் குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டை போடும் ஆஜானுபாகு. குறிப்பேட்டைத் திறந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "உங்கள் அம்மா எந்த நிறுவனத்தின் சார்பில்?" என்று கேட்டார்.

முழுக் கதையையும் சொன்னேன், சட்னி உட்பட. பிறகு மூலையில் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார். பெட்டி தாங்கவேண்டிய வெப்ப அளவு தன் வீட்டு கராஜில் தொங்கும் வெப்பமானியில் பார்த்தது என்றார். இன்னொருவர், கேபிளை எவ்வளவு வளைக்கலாம் என்ற அளவைப் பழைய ஆவணம் ஒன்றிலிருந்து எடுத்ததாகவும், அந்தப் பழைய ஆவணத்தை எழுதியதும் தான்தான் என்றும், அப்போதும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பேட்டரிக்காரர் சத்தமில்லாமல் திரையில் இருந்த தன் படத்தை மூடினார்.

வாக்கெடுப்பு தள்ளிப்போனது. மூலம் தெரியாத எண்களுக்கெல்லாம் மஞ்சள் பூசச் சொன்னார் தலைவர். மதியத்துக்குள் ஆவணம் சாமந்தித் தோட்டம் ஆகிவிட்டது. என் மேலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. அதைவிட மோசமாக, "அப்படியானால் நீயே போய் அளந்துவிட்டு வா" என்றார்.

அந்த அக்காவின் காரிலேயே போனேன். முதல் வீடு ரானுயி என்ற புறநகரில், தனியாக வாழும் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவருடையது. சோதனைக்காக முன்கூட்டியே ஃபைபர் போட்ட வீடு. படுக்கையறைச் சுவரில் பெட்டி, அதனுடன் பேட்டரி, எல்லாம் கச்சிதம். நான் அளவுமானியை எடுத்தேன். பேட்டரியில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லை. பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் மின்போர்வையின் பிளக் சொருகியிருந்தது.

பாட்டி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். குளிர் தாங்கவில்லை, சுவரில் இருப்பதோ ஒரே ஒரு சாக்கெட், போதாததற்குப் பெட்டியின் பச்சை விளக்கு கண்ணில் குத்துகிறது. அதனால் படுக்கப் போகும்போது தினமும் பிடுங்கிவிடுவாராம், காலையில் திரும்பச் சொருக மறந்துவிடுவாராம். கழுத்தில் பொத்தான் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "இதுக்கு எத்தினை மணித்தியாலம் போடுவியள்?"

நான் கூடத்துச் சாக்கெட்டிலிருந்து நீள ஒயர் இழுத்துப் பெட்டியை அதில் சொருகி, பச்சை விளக்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வந்தேன். பெட்டியை எங்கே மாட்டலாம், எங்கே மாட்டக்கூடாது, விளக்கு எவ்வளவு மங்கலாக இருக்கவேண்டும் என்று அடுத்த வரைவில் ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்தது. பேட்டரிக்கான எண்ணும் வீடு வீடாக அளந்த பிறகுதான் உள்ளே போனது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆவணங்கள் எழுதிவிட்டேன். என்றாலும் ஓர் எண்ணைத் தட்டும்போதெல்லாம் அந்த ரானுயி படுக்கையறைத் தரையில் கிடந்த பிளக் கண்ணில் படுகிறது. தெரியாததைத் தெரியாது என்று அங்கேயே எழுதிவிட்டால், தெரிந்துகொள்ள யாராவது அந்த வீடு வரை போவார்கள் என்ற நம்பிக்கையில் அப்படியே எழுதிவிடுகிறேன்.