தண்ணீர்த் திகதியின் மேல் விழுந்த முத்திரை

ஓய்வு பெற்ற பிறகு ஒப்பந்த அடிப்படையில் கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் தரவு வேலை பார்த்தேன். சிறுபோக நெற்செய்கையில் எந்த வாய்க்காலுக்கு எந்தத் திகதியில் தண்ணீர் திறக்கப்படும் என்ற அட்டவணையை இணையத்தில் போடவேண்டும். நாற்பத்தொரு வாய்க்கால், நான்கு நிரல். வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தேன். மூன்று கிலோபைட். பழைய போனிலும் திறக்கும், வாய்க்கால் பெயரைத் தேடினால் கிடைக்கும்.

பணிப்பாளர் மேடம் திரையைப் பார்த்தார்.

“சீல் எங்க, ஹாஜியார்?”

இது தரவு, கடிதமல்ல என்றேன். யாராவது திகதியை மாற்றிப் பரப்பினால் பதில் சொல்வது யார் என்று கேட்டார். எங்கள் தளத்தில் உள்ளதோடு எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று விளக்கினேன். எடுபடவில்லை.

“சீல் இல்லாத கடதாசிய இந்த ஊரில ஆர் நம்புவாங்க?”

ஆகவே ஐந்து வேலைகள். அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, பிடிஎப் ஆக்கி ஏற்றினோம். கணினியில் இருந்ததைக் கடதாசியில் இறக்கி, மறுபடி கணினியில் ஏற்றுவதற்கு ஒரு முழு நாள். ஏழு மெகாபைட். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. அது எழுத்தல்ல, படம்.

தண்ணீர் வந்து போன சேதி கேட்டு, பதினைந்தாம் திகதி காலை நிந்தவூர் விவசாயி மஹ்ரூப் வந்தார். மூன்று ஏக்கர் நெல், கதிர் வெளிவருமுன் தண்ணீர் தவறக்கூடாத குடலைப் பருவம். வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணையை விரலால் பெருப்பித்துக் காட்டினார். வட்ட முத்திரையின் விளிம்பு அவருடைய வாய்க்காலின் திகதியில் விழுந்து, 13 என்பது 18 ஆகத் தெரிந்தது. அதை நம்பி அவர் காத்தான்குடியில் மகள் வீட்டில் நின்றிருக்கிறார். வயலுக்குள் தண்ணீர் நுழையும் வக்கடை அடைத்தபடி கிடக்க, வந்த தண்ணீர் வரம்போரமாகப் போய்விட்டது.

“ஒங்கட சீலுக்குள்ளதான், காக்கா, எங்கட தண்ணி கெடக்கு” என்றார், என்னை அண்ணன் முறை வைத்து.

மறுபடி தண்ணீர் விட முடியுமா என்று மேடம் வாய்க்கால் மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார். மதகு மூடியாயிற்று, முறை வேறு வாய்க்காலுக்குப் போய்விட்டது. அடுத்த முறை வருவதற்குள் மஹ்ரூபின் மேட்டு ஏக்கர் பதராகியது.

மேடம் உத்தரவு போட்டார்: இனி முத்திரையைக் கீழே வெற்றிடத்தில் குத்தவும்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உத்தரவோடு அவர் அறைக்குப் போய், அந்தப் பதரான ஏக்கரைப் பற்றி மட்டும் பேசினேன். அன்றுதான் சம்மதித்தார். சிஎஸ்வி மேலே, முத்திரையிட்ட பிடிஎப் கீழே, இரண்டும் தளத்தில் ஏறின.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கோப்பு வகையைத் தெரிவுசெய்யும்போது மேலதிகாரிக்கு எது பாதுகாப்பு என்று பார்க்காதீர்கள். திறப்பவர் எதைத் தேடி வருகிறார் என்று பாருங்கள். மஹ்ரூபுக்கு வேண்டியிருந்தது நாற்பத்தொரு திகதிகளில் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் மறைத்தோம்.