பவுண்டரியை மூடியவர்

போத்தனூரில் நின்றிருந்த ரயிலில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையெல்லாம் பழைய தீக்காயம். ஒரு தடித்த ஆங்கில நாவலை மூன்று பாகமாக எடுத்த படத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அரசு தொழிலில் தலையிடுவதால் முதலாளிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போக, உலகமே நின்றுபோகும் கதை. அடிக்கடி படத்தை நிறுத்தி, யாராவது அழைத்தார்களா என்று பார்த்தார்.

"இதைப் பாத்துத்தானுங்க நானும் இரும்பு வார்க்கிற என்ர பவுண்டரிய மூடிப்போட்டேன்," என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "படம் பாத்துட்டுப் பட்டறைய மூடுவாங்களா? உங்க ஆளுக சோத்துக்கு என்னங்க பண்ணுவாங்க?"

"அடுத்த நாளே பக்கத்துப் பட்டறைக்குப் போயிட்டாங்க. எங்கிட்ட வார்ப்பு வாங்கிட்டிருந்த பம்பு கம்பெனிக்காரனும் இப்ப அங்கயே வாங்கிக்கிறான். ஏனுங்க மூடுனீங்கன்னு ஒருத்தன் கேக்கலீங்க."

திட்டுவதை விட்டு, என் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நீட்டினேன். அவர் மறுபடியும் படத்தை ஓடவிட்டார். அதில் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. எங்கள் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.