சவரிமுத்துவின் அரை மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குத் தபால் வந்தது. கொண்டுவந்தவர் புது ஆள். கடைப் பலகையை அண்ணாந்து பார்த்து, கடிதத்தில் இருந்த பெயரோடு ஒப்பிட்டுக்கொண்டு, மூன்று கடிதங்களை நீட்டினார். சவரிமுத்து லீவா என்று கேட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த மஃப்ளரை அவிழ்த்தார். "இன்னைக்கு வெள்ளனே கீழ ஆஸ்பத்திரில தவறிட்டாருங்க பாய். காய்ச்சல் நெஞ்சுல எறங்கிருச்சாம்" என்றார். அந்தக் கடிதங்களை நான் மறுநாள்தான் பிரித்தேன்.

இந்த மலை ஊரில் இருக்கும் உங்களில் பெரும்பாலோர் தபால்காரர் சவரிமுத்துவைக் காக்கி உடுப்பில்தான் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் இழவுச் சேதியும் அவர் கையால்தான் வந்திருக்கும். நான் அவரை வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பார்த்தவன். பத்து வருஷம், என் கம்பளிக் கடையின் மாடியில், பொத்தான் அமுக்கிக் கம்பியை மீட்டும் புல்புல்தாராவை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தவன். ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. சண்டை போட்ட உரிமையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷ வாக்கில் தொடங்கினோம். நாங்கள் நான்கு பேர். ஆர்மோனியம் நான். பாட்டு ரோஸ்லின் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். தபேலா மாணிக்கம், காய்கறி மண்டியில் எடை போடுகிறவர், கவுஞ்சிக்காரர். சவரிமுத்து புல்புல்தாரா வாசித்தார், பாட்டும் கட்டினார். யாரும் யாரிடமும் முறையாகக் கற்றவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணி முதல் ஏழு மணி வரைதான் நால்வருக்கும் ஒழியும். அதிலும் பனிக்காலத்தில் தபேலாவின் தோல் நமுத்துப் போய்விடும். கும்மட்டி அடுப்பில் காட்டிக் காட்டி அதற்குக் குரல் வரவைக்கவே கால் மணி நேரம் போகும்.

வாரத்தில் இரண்டு நாள் சவரிமுத்துவுக்கு மலைச் சரிவில் கீழே இருக்கும் வெள்ளகவி கிராமத்தில் தபால். காலையில் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அந்த ஊர் வழக்கப்படி எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கடிதம் கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டி, பதிலும் எழுதி வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் ஏறி வருவார். பாட்டெல்லாம் அந்தப் பாதையில்தான் வரும். இறங்கும்போது வந்த பாட்டு எது, ஏறும்போது வந்த பாட்டு எது என்று எங்களுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடும். இறங்கிய பாட்டு மாணிக்கத்தின் கையை ஓட ஓட விரட்டும். ஏறிய பாட்டில் மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்க இடம் இருக்கும். டீச்சருக்கு ஏறிய பாட்டுகள்தான் பிடிக்கும்.

தொல்லை என்னவென்றால், வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு புதுப் பாட்டு வந்தது. "ஒண்ணே ஒண்ணுதாங்க பாய், சின்னப் பாட்டு" என்று ஆரம்பிப்பார். கேட்டால் நன்றாக இருக்கும். அதுதான் ஆபத்து. டீச்சர் உடனே கூடப் பாடுவார், மாணிக்கம் தாளம் தேடுவார், நானும் சுரம் தேடிக் கட்டைகளைத் தடவிக்கொண்டிருப்பேன். மணி ஏழாகிவிடும். போன வாரப் பாட்டை யாரும் தொட்டிருக்க மாட்டோம். ஆறு மாதத்தில் இருபது பாட்டுக்கு மேல் எங்களிடம் இருந்தது. முதலிலிருந்து கடைசி வரை தட்டுத் தடுமாறாமல் வாசிக்க ஒன்றுகூட இல்லை.

அந்த லட்சணத்தில் கவுஞ்சித் திருவிழாவுக்குப் போனோம். மாணிக்கத்தின் சொந்த ஊர். முட்டைக்கோஸ் ஏற்றப்போன லாரியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பத்து நாள் முந்திய பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்துக்குச் சவரிமுத்து நடுவில் மெட்டை மாற்றியிருந்தார். மாற்றியதை டீச்சரிடம் மட்டும் சொல்லியிருந்தார். எல்லோரிடமும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். சரணம் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் போனார்கள், நான் ஒரு பக்கம் போனேன். மாணிக்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் அவருடைய மாமனார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏலே மாணிக்கம், ஆளுக்கொரு பாட்டா எடுத்துட்டு வந்திருக்கீக?" ஊரே சிரித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் சட்டம் போட்டேன். டீச்சருடைய பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்கக் கேட்டிருந்தார்கள். மூன்று மாதம் இருந்தது. ஏழு பாட்டு போதும், அதுவரை புதுப் பாட்டு என்ற பேச்சே மாடி ஏறக்கூடாது என்றேன். சவரிமுத்து கொஞ்ச நேரம் புல்புல்தாராவின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மனசுல வந்துச்சுன்னா என்ன செய்யங்க பாய்?"

"வந்தா வெளியில நிறுத்தி வைங்க" என்றேன். கடையில் பேரம் படியாத வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி பேசினேன். அவர் தலையை ஆட்டினார்.

சவரிமுத்து வாக்குக் கொடுத்தால் அவ்வளவுதான். தபால் பையோடு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க முடியாது என்பதால், ஒரு சாண் பலகையில் புல்புல்தாராவின் பொத்தான்களைப் பேனாவால் வரைந்து பையில் சொருகிக்கொண்டார். வெள்ளகவியில் யாராவது பதில் யோசித்துச் சொல்கிற வரைக்கும் அந்தப் பலகையில் விரல் ஓட்டுவார். ஒரு அம்மா அவர் தந்தி அடிக்கிறார் என்று நினைத்து, மதுரையில் இருக்கும் தன் மகனுக்கும் ஒன்று அடிக்கச் சொன்னாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் நால்வரில் முதலில் ஏழு பாட்டும் கைக்கு வந்தது அவருக்குத்தான்.

அந்த மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேரி என்று பெயர் வைத்தார். மாடிக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கும் ஏழு பாட்டையும் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஆண்டு விழா நன்றாக நடந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மிக நன்றாக நடந்தது. நான்காவது பாட்டை மறுபடி கேட்டார்கள், மறுபடியும் தடுமாறாமல் வாசித்தோம். மாணிக்கம் கவுஞ்சியிலிருந்து மாமனாரை வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தாராளமாக இருந்தேன். "இப்பக் கொண்டாங்க சவரி, வெளியில நிக்கிறத எல்லாம் உள்ள கூப்பிடுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தொண்டையைச் செருமினார். பாடினார்:

ஏறி வாரேன் கண்ணு
இன்னும் கொஞ்சம் தூரம்

அங்கே நின்றார். மறுபடி முதலிலிருந்து பாடினார். மறுபடி அங்கேயே நின்றார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். டீச்சர் அந்த இரண்டு அடியை மெதுவாகப் பாடிக் கொடுத்தார், பிடித்துக்கொண்டு மேலே போகட்டும் என்று. போகவில்லை.

"நாலு அடி இருந்துச்சுங்க பாய். சரணம்கூட ஒண்ணு இருந்துச்சு. மேரி பெறந்த சேதி கேட்டுட்டு ஏறி வரும்போது வந்தது."

எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அப்போதும் பழியை அவர் பக்கம் தள்ளத்தான் பார்த்தேன்.

"வார்த்தைய எழுதலாம். மெட்ட எங்கங்க எழுத? நீங்க மூணு பேரும் புடிச்சுக்கிட்டாத்தான் எனக்கு நிக்கும்" என்றார். அவருக்கு என் மேல் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தொலைந்ததைத்தான் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர்தான் என்னைப் பார்த்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டிருக்கலாமில்ல பாய்" என்றார்.

ஏழு பாட்டைத் தடுமாறாமல் வாசித்த பெருமையில், அவர் பிள்ளைக்கு வந்த பாட்டைக் குளிரில் நிறுத்தி வைத்துச் சாகடித்தவன் நான். சட்டம் போட்டது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். சட்டம் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் கவுஞ்சியில் சிரிப்பு வாங்கிக்கொண்டுதான் இருப்போம். ஆனால் அதில் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும். விடத் தோன்றவில்லை. அது என் குணம்.

அன்றைக்கே மாற்றினேன். ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை சவரிமுத்துவின் நேரம். புதுப் பாட்டு எதுவானாலும் பாட வேண்டியது. டீச்சர் வார்த்தையை நோட்டில் எழுதுவார், நான் கீழே சுரம் குறிப்பேன். ஐந்தரைக்கு மேல் பயிற்சி. அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பேன் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு பாதியில் இருந்தாலும் கடிகாரம் ஐந்தரை காட்டினால் அவரே கையை எடுத்துவிடுவார். "அரை மணி ஆச்சு. இனி உங்க நேரம்ங்க பாய்." டீச்சர் இன்னும் ஒரு தடவை பாடுங்கள் என்று கெஞ்சினாலும் நடக்காது. என்னைவிடக் கண்டிப்பானவர் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. சண்டை வந்ததெல்லாம் அதற்குப் பிறகு நான்தான் இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டபோது.

இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. அந்த இரண்டு அடி மட்டும் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் தனியாக இருக்கிறது. மீதியை அவர் அதற்கு மேல் தேடவில்லை. "போனது போகட்டும்ங்க, வர்றதப் பாப்போம்" என்பார். வந்துகொண்டும் இருந்தது.

புதன்கிழமை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் மூவரும் சேர்ந்துதான் நின்றோம். வெள்ளகவியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஏறி வந்திருந்தார்கள். மேரிக்கு அப்பாவின் முகம்.

வெள்ளிக்கிழமை மாடியில் கூடினோம். கூடாமல் இருந்தால் அவரே திட்டுவார் என்றார் மாணிக்கம். தபேலாவைச் சூடு காட்டி முடித்தபோது மணி ஐந்து. "பிராக்டீஸ் ஆரம்பிக்கலாங்களா பாய்" என்று கேட்டார். வேண்டாம், ஐந்தரை ஆகட்டும் என்றேன். அரை மணி நேரம் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரிந்து அவ்வளவு நீளமான அரை மணி நேரம் கிடையாது. டீச்சர் அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு ஒரு வரி கொண்டுபோனேன். என் வாழ்நாளில் பாட்டு கட்டியவன் இல்லை. அந்த இரண்டு அடிக்குக் கீழே மூன்றாவது அடி. டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். சுமாரான வரிதான், எனக்கே தெரிகிறது. அதை இங்கே எழுதமாட்டேன். பழகாத பாட்டை வெளியில் எடுப்பது இன்னும் எனக்கு ஆகாது. நான்காவது அடி எப்போது வரும் என்று தெரியாது. வந்த பிறகு மேரியை அழைத்து உட்கார வைத்து வாசிப்போம்.

சவரிமுத்து எனக்கு விட்டுப்போனது வாரத்தில் அரை மணி நேரம். அதை இனி எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், பயிற்சிக்குக்கூட.