மாமாவின் ஐந்து இலக்கங்கள்

எனக்கு ஒன்பது வயதானபோது, புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், கம்யூனிச ஒற்றர் ஒருவரோடு ஒரே காம்பராவில் குடியிருந்தேன். ஒற்றர் என்றது பொலிஸ். எங்களுக்கு அவர் அம்மாவின் தம்பி, பஸாரில் தையல்காரர்.

சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி அடங்கியிருந்த நேரம் அது. நாட்டையே பிடித்தாட்டிய உளவாளிப் பயம், வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட எங்கள் லயம் வரைக்கும் ஏறி வந்தது. மாமாவிடம் இருந்ததோ ஒரு ரேடியோ. சாயங்காலங்களில் மொஸ்கோவின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பார். சத்தம் எப்படி, இரைச்சல் எப்படி என்று புள்ளி போட்டு, ஐந்து இலக்கங்களாக எழுதி அனுப்பினால் நிலையத்தார் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அந்த இலக்கங்களைக் கொப்பியில் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீருடை போடாத பொலிஸ்காரர் இருவர் அந்தக் கொப்பியைக் கண்டெடுத்தார்கள். பக்கம் பக்கமாகத் திகதியும் இலக்கமும். எந்தப் பாலத்தை உடைக்கத் திட்டம் என்று மாமாவின் கொலரைப் பிடித்தார்கள். மாமாவுக்குத் தண்ணீர்பட்ட பாடான சிங்களம் அன்றைக்கு வாயில் வரவில்லை. அம்மா அழுதாள்.

நான் முன்னால் போய், எழுதியது நான்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். ரேடியோவைத் திருகி, கிடைத்த பாட்டுக்குப் புள்ளி போட்டும் காட்டினேன். மூத்தவர் சிரித்துவிட்டார். கொலரை விட்டு, கொப்பியையும் திருப்பித் தந்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சி, வேறு யாரெல்லாம் இங்கே ரேடியோ கேட்க வருவார்கள் என்று விசாரித்தார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"போதும் பாப்பா. உள்ள போ," என்றார் மாமா.

கேட்க வருகிற மூன்று பேரின் பெயரையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனேன். மூத்த பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்.

மாமா தப்பினார். அடுத்த வாரம் அந்த மூன்று பேருக்கும் தோட்டத்தில் பேர் வெட்டினார்கள். வேலையோடு காம்பராவும் போனது. சட்டி பானையோடு அவர்கள் பஸ்ஸுக்கு நின்றபோது, வேறு நல்ல தோட்டத்துக்குப் போகிறார்களாக்கும் என்று கையசைத்தேன். அவர்களில் ஒருவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அவள் கையசைக்கவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கொப்பியோடு மாமாவிடம் போனேன்.

"இனிமே நீ எழுத வேணாம் பாப்பா."

என் எழுத்தில் குறை கண்டுவிட்டார் என்று எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து, ஒரு பக்கம் நிறைய நாலையும் மூன்றையும் முன்னிலும் அழகாக எழுதி, அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.